உயிரோடிருப்பவரின் பெயர்

அந்த உறையை இப்போது பிரிக்க வேண்டாம், தமயந்தி. மேசைமேல் வை. மின்விசிறிக் காற்றில் பறக்கும். மேலே அந்த அகராதியைத் தூக்கி வை. ஐம்பது வருடம் பிஸ்கட் டப்பாவில் கிடந்த கடிதங்கள் இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. உன் பேராசிரியர் அவற்றைத் தமிழில் என்னவென்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று தெரிவதற்கு முன்னால், எனக்குத் தெரிந்ததை நான் சொல்லி முடித்துவிட வேண்டும். பிறகு சொன்னால் என் சாட்சியத்தில் அந்தக் கடிதங்கள் கலந்துவிடும். இருபத்தெட்டு வருடமாகக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். கையிலுள்ள புத்தகத்தை அதன் இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். நான் பேசுவதே அச்சடித்ததுபோல் இருக்கிறது என்று மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து என் மகன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். குழந்தைக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஹெர்மினா. பாதிரியாரிடம் இன்று பெயரைச் சொல்லியாக வேண்டுமாம். அதனால் என் சம்மதத்தைக் கேட்டு நிற்கிறான். மூன்று நாளாக நான் பிடி கொடுக்கவில்லை. என்னைப் பெற்றவரே வாயில் எடுக்காத பெயர் அது. அதை எடுத்து ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் வைப்பானேன்?

அடுத்த மாதம் என் இருதயத்தில் ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். அது அவனுக்குத் தெரியாது. குழந்தை பிறந்த வீட்டில் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? நீயும் உன் ஆய்வேட்டில் அதை எழுத வேண்டாம்.

சரி. சார்ஜென்ட் பொல்லாக், என் தகப்பனார். முழுப் பெயரும் உன் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பிர்னோ நகரத்து யூதர். மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் குடும்பம். தகப்பனார் முன்பே இறந்துவிட்டார். தாயார் ஹெர்மினா, தம்பி ஒருவர். முப்பத்தெட்டாம் வருடம் இவர் மட்டும் கப்பல் ஏறினார். இங்கே பல்லாவரத்தில் கவுஸ் சாயபு என்பவருடைய டேனரிக்குச் சாயம் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு வருடத்தில் தாயையும் தம்பியையும் அழைத்துக்கொள்வதாகத் திட்டம். அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழைச் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று கற்றுக்கொண்டார். அந்தத் தமிழ் கடைசிவரை மாறவில்லை. ஆறடி உயரம், செம்பட்டை மயிர், வாயைத் திறந்தால் ‘இன்னா நயினா’. தொழிலாளிகளுக்குப் பொல்லாக் என்பது வாயில் நுழையாமல் பல்லாக்கு ஆயிற்று. பல்லாக்கு துரை. அந்நியர் என்பதால் போர்க்காலத்தில் வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதல்முறை நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார்.

‘எந்த நாடு?’

‘செக்கோஸ்லோவாகியா சார்.’

‘அது இப்ப கெடையாதாமேய்யா. பேப்பர்ல போட்டிருக்கான்.’

‘ஆமா சார். மார்ச்சுல பூட்டுது.’

‘அப்ப நான் என்னத்த எழுதறது?’

‘பல்லாவரம்னு எழுதிக்கங்க சார்.’

எழுதினாராம். பார், சிரிப்புக்காட்டத் தெரியாத மனிதர் அல்ல அவர். பேச்சு வராத மனிதரும் அல்ல. அதை மட்டும் குறித்துக்கொள்.

கொஞ்சம் பொறு. மீனம்பாக்கத்தில் ஒன்று இறங்குகிறது, போகட்டும். இந்த வீட்டில் எந்த வாக்கியத்தையும் விமானத்தைக் கேட்டுக்கொண்டுதான் முடிக்க வேண்டும்.

நாற்பத்தொன்றில் ராணுவத்தில் சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தன் வீட்டை எடுத்துக்கொண்டவனைத் துப்பாக்கியால் சுட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனவருக்கு ஊசியும் நூலும் கொடுத்தார்கள். கோவேறு கழுதைகளின் சேணம், சிப்பாய்களின் பூட்ஸ். அவருக்குக் கீழே முப்பத்திரண்டு பேர். தோல் வேலை தெரிந்த வட ஆர்க்காட்டு ஆட்கள். மற்றச் சிப்பாய்கள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். இவர் சாப்பிட்டார். அதில் ஒருவர்தான் கன்னியப்பன். சண்டை முடிந்து இவரோடு இதே டேனரிக்கு வந்தவர். அவர்கள் இருந்த இம்பால் போர்முனை பற்றி என் தகப்பனார் எனக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொன்னது கன்னியப்பன்.

நாற்பத்து நான்கில் அங்கே முற்றுகை. வானிலிருந்து போடும் மூட்டைகளில் அரிசிக்கே இடமில்லை. பூட்ஸுக்கு எங்கே போவது? இறந்தவர்களின் கால்களிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார்களாம். கழுவி, தைத்து, உயிரோடிருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். கன்னியப்பன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: ‘பூட்ஸு நாக்குல உள்பக்கம் மசியில பேரு எழுதியிருக்கும், பாப்பா. துரை ஒவ்வொண்ணா கையில எடுப்பாரு. அந்தப் பேர ஒரு தபா சத்தமா கூப்புடுவாரு. அப்பறம் கத்தியால சுரண்டிடுவாரு. குர்பச்சன் சிங்கு, தேக் பகதூரு, இன்னான்னமோ பேரு. யாரு துரை கேக்கப் போறான்னேன். செத்தவன ஒரு தபாவாச்சும் கூப்டணும்டா கன்னியப்பான்னாரு.’

எழுநூறு ஜோடிக்குக் குறையாது என்றார் கன்னியப்பன். எழுநூறு பேர், தமயந்தி. முன்பின் பார்த்திராதவர்கள், பாஷை தெரியாதவர்கள். அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய். எனக்குத் திறக்கவில்லை.

காய்ச்சலும் செவிடான இடது காதுமாகத் திரும்பி வந்தார். ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்தவள் என் அம்மா, சாராள். நாசரேத்துக்காரி. பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். அவளுடைய வீட்டார் வரவில்லை. அவருக்கு வருவதற்கு ஆளில்லை.

நாற்பத்தாறில் ஒரு நிவாரணச் சங்கத்திலிருந்து பதில் வந்தது. தாயும் தம்பியும் நாற்பத்திரண்டில் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். திரும்பியவர்கள் பட்டியலில் இல்லை. அம்மா அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ‘ஏட்டி மீனா, ஒங்க அப்பா ஏழு நாளு தரையிலயே உக்காந்திருந்தாவ. சட்டைய நெஞ்சுக்கு நேரா கிழிச்சுப் போட்டாவ. நான் பைத்தியக்காரி, ஊசி நூலக் கொண்டுக்கிட்டுப் போறேன், தைக்க. கையத் தட்டிவிட்டாவ.’

அடுத்த வருடம் ஆகஸ்டில் நான் பிறந்தேன். அம்மாவுக்கு எஸ்தர் என்று வைக்க ஆசை. இவர் ஒரே பிடிவாதமாக இறந்துபோன தாயின் பெயரை வைத்தார். இதில் எனக்கு வருத்தமில்லை. நம் வீடுகளிலும் நடப்பதுதானே. தொட்டிலை ஆட்டிக்கொண்டு அந்தப் பெயரை வைத்துப் பாட்டெல்லாம் பாடுவாராம். ஏழு மாதம் பாடியிருக்கிறார். எனக்கு நினைவில்லை. அவர் என்னைக் கூப்பிட்ட ஏழு மாதம் எனக்கு நினைவில்லாத ஏழு மாதமாகப் போயிற்று.

பிறகு நாற்பத்தெட்டு மார்ச்சில் ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. உன் உறையில் இருப்பவை அவைதான். ஒன்று வீட்டு முகவரிக்கு. இன்னொன்று பழைய ராணுவ முகவரிக்குப் போய், பிரிவினைக் குழப்பத்தில் எங்கெங்கோ சுற்றி, உடம்பெல்லாம் முத்திரையோடு வந்தது. இரண்டையும் படித்தார். அம்மா சொன்னாள்: ‘ஒரு மணி நேரம் தரையில உக்காந்தாவ. அப்புறம் எந்திரிச்சு, மொகத்தக் கழுவிட்டு டேனரிக்குப் போயிட்டாவ. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். எங்க அம்மா செத்துட்டாங்கன்னாவ. அதத்தான் முன்னமே அழுது முடிச்சாச்சேன்னேன்.’

அன்றிலிருந்து நான் ‘பொண்ணு’. அவ்வளவுதான். ‘பொண்ணே, தண்ணி கொண்டா.’ ‘பொண்ணு சாப்ட்டாளா?’ அம்மாவுக்கும் ஊருக்கும் நான் மீனா. அவர் அதையும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் முழுப் பெயர். வருகைப் பதிவேட்டை வாசிக்கிற டீச்சர் ‘ஹெர்மினா பொல்லாக்’ என்பார். பின் பெஞ்சிலிருந்து ‘எருமைப் பல்லாக்கு’ என்று வரும். ‘எருமைக்குப் பல்லாக்கா, பல்லாக்கில எருமையா?’ தினமும். எட்டு வயதில் ஒருநாள் அவர் முன்னால் போய் நின்று கேட்டேன்: ‘எதுக்குப்பா இந்தப் பேர வச்சீங்க? நீங்களே கூப்புட மாட்டீங்கறீங்க?’ பூட்ஸுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிக்கொண்டே இருந்தார். நீ இடது பக்கம் நின்றிருப்பாய், காது கேட்டிருக்காது என்று அம்மா சமாதானம் சொன்னாள். இல்லை. நான் வலது பக்கம் நின்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பதினோரு வயதில் பரங்கிமலை மாதா திருவிழா. உச்சி வெயில், படியெல்லாம் கூட்டம். வேண்டுமென்றே கையை விட்டேன். வளையல் கடை ஒன்றின் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர் எனக்குத் தெரிவார். அந்த உயரத்துக்கு யாருக்கும் தெரிவார். முதலில் சுற்றிப் பார்த்தார். பிறகு கைதட்டினார். பிறகு ‘பொண்ணே, பொண்ணே’ என்று கத்தினார். அந்தப் படிக்கட்டில் பெண்ணாய்ப் பிறந்த அத்தனையும் திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் வந்து ‘கொழந்த பேரு என்ன துரை?’ என்கிறார். இவர் ‘பச்ச கவுனு. பதினோரு வயசு. பச்ச கவுனு சார்’ என்கிறார். ‘பேரச் சொல்லுங்க, மைக்குல கூப்புடச் சொல்றேன்.’ வாயைத் திறந்தார். திறந்ததைப் பார்த்தேன், தமயந்தி. மூடிக்கொண்டார். பிறகு விரலை மடித்து வாயில் வைத்து ராணுவ விசில் அடித்தார். நாயைக் கூப்பிடுவதுபோல. அடித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, மலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயிலுக்குக் கண் கூசியிருக்கும். நான் அசையவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். அரை மணி கழித்துக் கன்னியப்பன்தான் என்னைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுபத்திரண்டில் என் மகன் பிறந்தபோது அவருடைய பெயரை வைத்தேன். முதல் பிள்ளைக்குத் தன் கணவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று என் மாமியார் சொன்னார், அதுதான் முறை. நாற்பது நாள் சண்டை. ‘வெள்ளக்காரன் பேரு எங்க வம்சத்துக்கு எதுக்கு’ என்றார். ‘எங்க அப்பாவுக்கு உலகத்துல வேற யாரும் மிஞ்சல, பேராவது மிஞ்சட்டும்’ என்றேன். ஜெயித்தேன். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, இந்த வாசற்படி ஏறினேன். கையில் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

‘எம் பேரா? நான் இன்னும் உசுரோட கீறேனே.’

இதுதான் அவர் சொன்னது. பார்த்தாயா? தான் இருக்கும்வரை தன் பெயர் தனக்கு மட்டும் வேண்டுமாம். ஒரு கறுத்த குழந்தைக்குக் கடன் கொடுக்கக்கூட மனம் வரவில்லை. குழந்தையை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றாள் அம்மா. நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

மகனையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சிப்பாய்’ என்பார். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள், தைத்த பூட்ஸ் ஒரு ஜோடி என் வீட்டு வாசலில் இருக்கும். அளவு ஒரு நூல் பிசகாது. காலைத் தொடாமல் அளவு எப்படி எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் செருப்பு எந்தக் கடையில்தான் கிடைக்காது?

இதைக் கேள். எழுபத்தேழில் மகனுக்கு டைபாய்டு. குடல் கிழிந்துவிடும் நிலைமை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வார்டுக்கு வந்தால், கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையில் என் பிள்ளையின் பெயரை அடித்திருக்கிறது. பக்கத்தில் கோணல் தமிழெழுத்தில் ‘ஜீவா’ என்று எழுதியிருக்கிறது. கீழே ஸ்டூலில் இவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் பேனா. நர்ஸ் என்னிடம் சண்டைக்கு வருகிறாள்: ‘என்னம்மா, ஒரு பேருல அட்மிஷன், ஒரு பேருல அட்டை? மருந்து மாறிப்போனா நான் பொறுப்பில்ல.’ ‘சாகக் கெடக்கற பிள்ளகிட்ட இருந்தாப்பா உங்க பேரத் திருப்பி வாங்கறீங்க?’ என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டேன். ‘இன்னிக்கு மட்டும் ஜீவான்னு கூப்டு, பொண்ணே. கால்ல வுழறேன்’ என்றார். நான் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பழைய பெயரையே எழுதினேன். மகன் பிழைத்துக்கொண்டான். டாக்டர் கெட்டிக்காரர்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. எண்பத்தொன்றில் போய்விட்டார். யூதர்களின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினோம். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம்; நகரத்தில் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். கன்னியப்பன் டேனரியிலிருந்து ஏழு பேரைக் கூட்டிவந்து, தலையில் கைக்குட்டையைக் கட்டி நிற்கவைத்தார். ‘எண்ணிக்கையாச்சும் சரியா இருக்கட்டும் துரைக்கு.’

என் பக்கம் இவ்வளவுதான். இப்போது அதைப் பிரி. என் கண்ணாடி உள்ளே இருக்கிறது, நீயே படி. சத்தமாகப் படி.

“பிர்னோ, 21 நவம்பர் 1947. அன்புள்ள எமில், இதை உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மா உயிரோடிருக்கிறாள். முகாமிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. இரண்டு வருடம் அங்கே காசநோய் மருத்துவமனையில் கிடந்திருக்கிறாள். பெயரைத் தவறாகப் பதிந்திருந்ததால் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. சென்ற மாதம்தான் என்னிடம் வந்து சேர்ந்தாள். நேற்று உன் கடிதம் வந்தது. முன்னால் பார்த்துக்கொள்ளாமல் அவளுக்கு உரக்க வாசித்துவிட்டேன். மகள் பிறந்திருக்கிறாள், ஹெர்மினா என்று அம்மாவின் பெயரை வைத்திருக்கிறேன் என்ற இடம் வந்ததும் என் நாக்கு நின்றுவிட்டது. அவள் சிரித்தாள். ‘அப்படியானால் என்னைப் புதைத்துவிட்டான். ஏழு நாள் துக்கமும் உட்கார்ந்திருப்பான், ஒழுங்கான பிள்ளை’ என்றாள். நீ இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அதெல்லாம் பழங்காலத்துப் பயம். குழந்தையின் படத்தை உடனே அனுப்பு. உன் அத்தை மகள் எல்சா.”

நிறுத்து.

இல்லை, ஒன்றுமில்லை. விமானம் என்று நினைத்தேன். இரண்டாவதைப் படி.

“5 பிப்ரவரி 1948. எமில், ஏன் பதிலே இல்லை? உன் அம்மா திங்கட்கிழமை இறந்துவிட்டாள். நுரையீரல். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு காரணம் எதுவும் இல்லை, கேட்கிறதா உனக்கு? கடைசி வாரத்தில் ஒருநாள் சொன்னாள்: ‘அங்கே அவன் அந்தக் குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம் இங்கே நான் திரும்பிப் பார்க்கிறேன்.’ வேடிக்கையாகத்தான் சொன்னாள்.”

அடியில் அது என்ன, சிறிய எழுத்தில்? உன் பேராசிரியரின் குறிப்பா? ‘இவர்களிடம் இறந்தவரின் பெயரையே குழந்தைக்கு வைப்பார்கள். உயிரோடிருக்கும் உறவினரின் பெயரை வைப்பது அவருடைய சாவை வரவழைக்கும் என்று நம்பிக்கை.’

சரி.

அந்த ஆஸ்பத்திரி அட்டையைப் பற்றி என்ன சொல்கிறாய்? நோய் முற்றினால் பெயரை மாற்றிவிடுவார்களா? தேடி வருவது பழைய பெயரைக் கேட்டுவிட்டு, ஆளைக் காணாமல் திரும்பிப் போய்விடும் என்றா? புதுப் பெயருக்கு உயிர் என்று பொருள் இருக்க வேண்டுமா?

அந்தத் தண்ணீர்ச் செம்பை இப்படித் தள்ளு.

நீ இப்போது என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாய். பார்க்காதே. இது தெரிந்ததனால் அவர் செய்தது நியாயமாகிவிடுமா? ஒரே ஒரு வாக்கியம், தமயந்தி. ‘உன் பேரச் சொன்னா எங்க அம்மா ஞாபகம் வருது.’ எண்ணிப் பார், ஏழு சொல். தமிழ் தெரியாதவரா? பால்காரனைத் திட்டத் தெரிந்தது. காவல் நிலையத்தில் வேடிக்கை பேசத் தெரிந்தது. பெற்ற மகளை உட்காரவைத்து, இதுதான் காரணம் என்று சொல்ல முப்பத்து மூன்று வருடம் போதவில்லையா? அவராகவே ஒன்றை நினைத்துக்கொண்டார். அவராகவே பயந்தார். எங்களைக் காப்பாற்றுவதாக அவராகவே முடிவு செய்தார். நாங்களாகப் புரிந்துகொள்வோம் என்று விட்டுவிட்டார். இப்படி ஒரு மனிதர் உண்டா? சொல்லாமல் எப்படிப் புரியும்? பூட்ஸிலா எழுதியிருந்தது?

மணி அடிக்கிறது. இரு.

தம்பியா? சொல்லுப்பா. பாப்பா பால் குடிக்கறாளா? நல்லது. ஆமா, அதத்தான் யோசிச்சேன். அந்தப் பேரு வேண்டாம். இல்ல, வேண்டாம். காரணமெல்லாம் ஒண்ணுமில்ல, வேண்டாம்னா வேண்டாம். உன் பிள்ளைய எனக்குப் பிடிக்கலன்னு இப்ப யார் சொன்னா? உன் மாமியார் நெனைச்சா நெனைச்சுக்கட்டும். ஜீவான்னு வை. ஜீ, வா. யார் பேரும் இல்ல. சும்மா. நான் சொல்றேன், வையேன். என்ன தம்பி இது, சின்னப் பிள்ள மாதிரி? ஞாயித்துக்கிழமையா? வர முடியாது, காலேஜ்ல ஸ்டாக் எடுக்கறோம். அப்புறம் பேசலாம். எஸ்டிடி ஓடுது, வச்சிடறேன்.

அப்பாடா. அது முடிந்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் என் பெயரை வைத்து, அடுத்த மாதம் ஆபரேஷன் மேசையில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆயுள் முழுக்க அவன் அந்தக் குழந்தையைக் கூப்பிடுவானா? வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். அந்தப் பெண் எந்தக் கடைப் படுதாவுக்குப் பின்னால் போய் நிற்குமோ. அது வேண்டாம். என்னோடு போகட்டும்.

அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாமா? இதெல்லாம் தொலைபேசியில் சொல்கிற விஷயமா? இதைச் சொன்னால் வால்வைச் சொல்ல வேண்டும். வால்வைச் சொன்னால் பிள்ளை பெற்ற வீட்டைப் போட்டுவிட்டு ஓடிவருவான். வைக்கும்போது குரல் கொஞ்சம் ஒருமாதிரிதான் இருந்தது. ‘சரிம்மா, உங்க பேரு உங்ககிட்டயே இருக்கட்டும்’ என்றான். கோபம். அதெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். புரிந்துகொள்வான். நான் பெற்ற பிள்ளை. அவனுக்கு எல்லாவற்றையும் உட்காரவைத்து விளக்க வேண்டுமா என்ன?

குறிப்பேட்டை மூடிவிடாதே. குடும்ப மரத்தில் கடைசி வரி பாக்கி. எழுது: பேத்தி, ஜீவா. பிறப்பு, 1999.

மகனுடைய பெயரா?

அதுதான் உன் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கிறதே. அதே பெயர்தான். பார்த்து எழுதிக்கொள்.